மின்சார ஸ்கூட்டர்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கும், வாங்கிய பின் பேட்டரியைக் காக்கும் முறையும்

மின்சார ஸ்கூட்டர் ஒன்றின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதன் பேட்டரிக்கே போய்விடுகிறது. இன்ஜின், கார்பரேட்டர், கிளட்ச் என்று அடிக்கடி கவனிக்க வேண்டிய பல உறுப்புகள் இருந்த வண்டியை விட்டு, கெட்டுப்போனால் பெருஞ்செலவு வைக்கும் ஓர் உறுப்பை மையமாகக் கொண்ட வண்டிக்கு நாம் மாறுகிறோம். ஆகவே வாங்கும்போது போடும் கணக்கும், வாங்கிய பின் கடைப்பிடிக்கும் பழக்கமும் அந்த பேட்டரியைச் சுற்றியே அமைய வேண்டும். நான்கு ஆண்டுகளாக மின்சார ஸ்கூட்டரிலேயே வேலைக்குச் சென்று வருபவன் என்ற முறையிலும், உறவினரும் நண்பர்களும் வண்டி பார்க்கப் போகும்போது உடன் சென்று வருபவன் என்ற முறையிலும், நான் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஓட்டத்தை அளப்பது

கடைக்குப் போகும் முன் இரண்டு வாரம் ஒரு சிறு வேலை செய்யுங்கள். இப்போது ஓட்டும் வண்டியின் கிலோமீட்டர் அளவை ஒவ்வோர் இரவும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்த பலர், குறித்துப் பார்த்தபோது முப்பதைக்கூடத் தொடவில்லை என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை குலதெய்வக் கோயிலுக்குப் போகும் தொலைவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அன்றைக்குப் பேருந்து இருக்கிறது, ரயில் இருக்கிறது.

அடுத்தது பேட்டரியின் கொள்ளளவு. நிறுவனங்கள் அதைக் கிலோவாட்-மணி என்று எழுதுகின்றன. வீட்டு மின் கணக்கீட்டு அட்டையில் நாம் பார்க்கும் யூனிட்டும் அதுவும் ஒன்றுதான். 3 கிலோவாட்-மணி பேட்டரி என்றால் அதில் 3 யூனிட் மின்சாரம் அடங்கும். நம் ஊர்ச் சாலையில் ஒரு ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 25 முதல் 35 வாட்-மணி வரை எடுத்துக்கொள்கிறது. 30 என்று வைத்துக்கொண்டால் கணக்கு பெரும்பாலும் பிசகாது. விளம்பரத்தில் போடும் தொலைவு, இந்திய ஓட்டச் சுழற்சி எனப்படும் ஆய்வுக்கூடச் சோதனையில் கிடைத்த எண். அதில் முக்கால் பங்கை மட்டும் நம்புங்கள். வேகமாக ஓட்டுபவர்கள் அதையும் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் சந்திக்கும் எதிர்ப்பைப் போல இரண்டேகால் மடங்கு எதிர்ப்பை 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சந்திக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. தாம்பரத்தில் குடியிருந்து கிண்டியில் வேலை பார்ப்பவருக்குப் போக 15, வர 15, கடைகண்ணிக்கு 10 என்று நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஆகிறது. அதற்கு 1.2 யூனிட் போதும். ஆனால் பேட்டரியை அடிமட்டம்வரை காலி செய்யக்கூடாது என்பதற்காக 20 சதவீதத்தையும், சில ஆண்டுகளில் கொள்ளளவு குறையும் என்பதற்காக மேலும் 20 சதவீதத்தையும் ஒதுக்கினால், வேண்டிய அளவு ஏறக்குறைய 2 யூனிட் என்று வரும். இவருக்கு இரண்டு அல்லது இரண்டரை யூனிட் பேட்டரி தாராளம். நான்கு யூனிட் பேட்டரி வாங்கினால், கூடுதல் விலை கொடுத்து, பயன்படாத எடையை நாள்தோறும் சுமந்து செல்வார். பெரிய பேட்டரியே நல்ல பேட்டரி என்று கடைக்காரர் சொல்லும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள்.

செல்லின் வகையைக் கேட்டறிவது

பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் சிறு மின்கலங்களே செல்கள். லித்தியம் பேட்டரி என்று பொதுவாகச் சொன்னாலும், ஸ்கூட்டர்களில் பெரிதும் வருபவை இரண்டு வகை. ஒன்று நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்எம்சி. மற்றொன்று லித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. லித்தியம் அயனி பேட்டரியை சோனி நிறுவனம் 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரும்பு பாஸ்பேட்டும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குடினஃபின் ஆய்வுக்குழுவிலிருந்து வந்ததுதான்.

என்எம்சி எடை குறைவு, ஒரே இடத்தில் அதிக மின்சாரம் கொள்ளும். ஆனால் வெப்பத்தைத் தாங்கும் திறன் குறைவு. எல்எஃப்பி கனம் கூடுதல். வெப்பத்தை நன்றாகத் தாங்கும், தீப்பற்றும் வாய்ப்பு குறைவு, அதிக முறை சார்ஜ் ஏற்றலாம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர், கரூர், திருச்சி போன்ற ஊர்களில், நிழலில்லாத இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டியவர்களுக்கு, ஒத்த விலையில் இரண்டும் கிடைத்தால் எல்எஃப்பியைத்தான் பரிந்துரைப்பேன். எந்த வகை என்பதை விற்பனையாளரிடம் கேட்டு, அவர் சொல்வதைத் தொழில்நுட்பக் குறிப்புத் தாளில் சரிபாருங்கள். பின்னால் சொல்லப்போகும் சார்ஜ் பழக்கம் இந்த வகையைப் பொறுத்தே மாறுகிறது.

2022 கோடையில் நாட்டின் பல பகுதிகளில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததை அடுத்து, மத்திய அரசு ஏஐஎஸ்-156 என்ற பாதுகாப்புத் தரத்தைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரு கட்டங்களாக நடைமுறைப்படுத்தியது. ஒரு செல்லில் தோன்றும் தீ மற்ற செல்களுக்குப் பரவுகிறதா, பேட்டரிக்குள் நீர் புகுகிறதா என்பனவற்றையும் இந்தத் தரம் சோதிக்கிறது. பழைய வண்டி வாங்குபவர்கள் பேட்டரி தயாரான மாதத்தைப் பார்த்து, இந்தத் தேதிகளுக்கு முந்தையதாயின் தயங்குவது நல்லது.

கடையில் கேட்க வேண்டியவை

ஓட்டிப் பார்க்கும்போது கடை வாசலில் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். பின்னால் ஒருவரை உட்காரவைத்து, அருகிலுள்ள மேம்பாலத்தில் ஏறுங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி மீண்டும் கிளப்புங்கள். பேட்டரி 25 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வண்டி கிடைத்தால் அதையே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். சில வண்டிகள் அந்நிலையில் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. மாலை நெரிசலில் வீடு திரும்பும்போதுதான் அதை நீங்கள் முதல்முறையாக அறிய வேண்டும் என்பதில்லை.

உத்தரவாதத்தைப் பற்றிக் கேட்கும்போது எத்தனை ஆண்டு என்பதோடு நிற்க வேண்டாம். பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள், அதை அளப்பது யார், அளந்த அறிக்கையைக் கையில் தருவார்களா, வண்டியை விற்றால் உத்தரவாதம் அடுத்தவருக்குச் செல்லுமா என்ற நான்கையும் கேட்டு, விடை அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்மொழி உறுதி மூன்று ஆண்டு கழித்து நினைவில் இருக்காது.

சார்ஜ் முனை மற்றொன்று. நிறுவனத்துக்கு நிறுவனம் முனை வேறுபடுவதால், வழியில் உள்ள நிலையம் உங்கள் வண்டிக்குப் பொருந்தாமல் போகலாம். சென்னை ஐஐடியில் படித்த இருவர் தொடங்கி, ஓசூரில் ஆலை நடத்தும் ஏத்தர் நிறுவனம் உருவாக்கிய முனையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் தரமாக ஏற்றது. எல்லா நிறுவனங்களும் ஒரே முனைக்கு வரும்வரை, உங்கள் அன்றாட வழியில் எந்த முனை கிடைக்கிறது என்று நேரில் பார்த்து வாருங்கள்.

உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம் என்று சொல்லி விற்கப்படும் வண்டிகளில் மிகுந்த கவனம் தேவை. 250 வாட்டுக்கு மேற்படாத மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் அடங்கும் வேகமும் இருந்தால் மட்டுமே அந்த விலக்கு பொருந்தும். வேகத் தடையை எடுத்துவிட்டு 45 கிலோமீட்டர் ஓடும்படி மாற்றித் தரப்படும் வண்டி, சட்டத்தின் பார்வையில் பதிவு செய்யாத மோட்டார் வாகனம். விபத்து நேர்ந்தால் காப்பீடும் கிடையாது. பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் அத்தகைய வண்டியைக் கொடுத்தனுப்பும் பெற்றோரை நினைத்தால் மனம் பதறுகிறது.

மானியத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு சொல். ஃபேம்-2 திட்டத்தில் 2021-இல் கிலோவாட்-மணிக்கு 15,000 ரூபாயாக உயர்ந்த மத்திய மானியம், 2023 ஜூனில் 10,000 ஆகவும், 2024 ஏப்ரலில் 5,000 ஆகவும் இறங்கியது. மானியம் இல்லாவிட்டாலும் உங்கள் கணக்குக்குக் கட்டுப்படியாகும் வண்டியையே தேர்ந்தெடுங்கள்.

செலவும் புகையும்

லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டரில், லிட்டர் 100 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 20 காசு ஆகிறது. மின்சார வண்டி, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 35 வாட்-மணியைச் சுவரிலிருந்து எடுக்கிறது. யூனிட் 7 ரூபாய் என்றாலும் 25 காசுதான். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 63 யூனிட் கூடும். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் சிலவற்றின் விலையும் மாறிவிடுவதால், ஏற்கெனவே 450-ஐ ஒட்டிப் பயன்படுத்தும் குடும்பங்கள் இந்த 63-ஐச் சேர்த்துப் பார்த்த பிறகே சேமிப்பைக் கணக்கிட வேண்டும்.

நிலக்கரியில் எடுத்த மின்சாரம்தானே, அதில் என்ன பசுமை என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அப்படிப் பார்த்தால் மின்சார ஸ்கூட்டரின் பங்கு கிலோமீட்டருக்கு 25 கிராம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வெளியாகிறது. பெட்ரோல் ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு 50 கிராம். முழுத் தூய்மை இல்லை, பாதி. அந்தப் பாதியையும் குறைக்க வழியுண்டு. மாடியில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தருகிறது, 30 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு அதில் ஒரு யூனிட்தான் செலவு. தகடு போட முடியாதவர்கள் அலுவலகத்தில் நண்பகலில் சார்ஜ் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சூரிய மின்சாரம் கட்டமைப்பில் மிகுந்திருக்கும் நேரம் அது.

வீட்டு மின் இணைப்பு

இந்த வேலையை வண்டி வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. கீழ்த்தளத்து நடையில் வாஷிங் மெஷினுக்காகப் போட்டிருந்த பழைய பதினைந்து ஆம்பியர் சாக்கெட்டிலேயே சார்ஜரைச் செருகி வந்தேன். மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு ப்ளக்கைப் பிடுங்கியபோது விரல் சுட்டது. பார்த்தால் இடப்பக்கப் பின்னைச் சுற்றிய வெள்ளைப் பிளாஸ்டிக் டீக்கறை நிறமாக மாறியிருந்தது, கருகிய வாடையும் வந்தது. எலக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார்: உள்ளே நியூட்ரல் ஒயரைப் பிடித்திருந்த திருகாணி அரைச்சுற்றுத் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். தளர்ந்த இடத்தில் மின்தடை கூடி, தொடர்ந்து பல மணி நேரம் மின்சாரம் ஓடியதில் சூடேறியிருக்கிறது.

900 வாட் சார்ஜர் எடுப்பது 4 ஆம்பியர்தான். இஸ்திரிப் பெட்டியும் ஏறக்குறைய அதே அளவு எடுக்கிறது. ஆனால் இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தானே நின்று இளைப்பாறும், கால்மணி நேரத்தில் நம் வேலையும் முடிந்துவிடும். சார்ஜரோ நான்கு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கிறது. வீட்டில் எல்லாரும் உறங்கும் நேரத்தில் இழுக்கிறது. எனவே வீட்டின் மின்பலகையிலிருந்து தனி ஒயர், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், இழுத்து, தரமான 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்கென்று தனி எம்சிபியும் (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் போடச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடும் பழக்கம் ஒருபோதும் வேண்டாம்.

எர்த் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. மூன்றாவது துளை இருக்கும், அதற்குப் பின்னால் ஒயரே இருக்காது; பழைய வீடுகளில் இது மிகச் சாதாரணம். எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். புது இணைப்பில் முதல்முறை சார்ஜ் போட்டு அரைமணி கழித்து, சார்ஜரை நிறுத்திவிட்டு ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள்; இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடென்றால் திருகாணியைப் பார்க்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் சங்கத்திடம் எழுத்தில் கேளுங்கள். வீட்டின் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலிருந்தே வாகனத்துக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் சொல்வதைச் சுட்டிக்காட்டலாம். கீழே இணைப்புக் கொண்டுவர வழியே இல்லையென்றால், கழற்றி மேலே எடுத்துச் செல்லும் பேட்டரி கொண்ட வண்டியைப் பாருங்கள். ஆனால் அந்த பேட்டரியை மாடிப்படியிலோ வாசற்கதவை ஒட்டியோ வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்; ஏதேனும் நேர்ந்தால் வெளியேறும் வழி அதுதான்.

சார்ஜ் பழக்கம்

பேட்டரிக்கு முதல் எதிரி வெப்பம். பத்து டிகிரி கூடினால் செல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாக முதுமையடைகிறது என்பது பொறியாளர்கள் கைக்கணக்காகக் கொள்ளும் விதி. வெயிலில் ஓட்டி வந்தவுடன் செருகாமல், நிழலில் அரைமணி, முக்கால்மணி ஆறவிட்டுப் பிறகு செருகுங்கள். இந்த ஒரு பழக்கம் மட்டுமே போதும் என்று சொல்லிவிடலாம். மற்றவை எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

என்எம்சி பேட்டரியை அன்றாடம் 80, 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு, 20-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் ஆயுள் நீளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நூறுவரை ஏற்றி, ஏறிய பிறகும் சிறிது நேரம் இணைப்பிலேயே விடுங்கள். செல்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வை, பேட்டரியைக் கவனித்துக்கொள்ளும் மின்னணுக் கண்காணிப்புச் சுற்று அந்நேரத்தில்தான் சமன் செய்கிறது. எல்எஃப்பி பேட்டரியின் மின்னழுத்தம் நிறைந்திருக்கும்போதும் பாதியாக இருக்கும்போதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், மீதி எவ்வளவு என்று சுற்றால் சரியாக ஊகிக்க முடிவதில்லை; அதனால் வாரம் ஒருமுறையேனும் அதை நூறுவரை ஏற்ற வேண்டும். விரைவு சார்ஜ் அவசரத்துக்கு இருக்கட்டும். வெளியூர் போவதானால் பேட்டரியைப் பாதி நிரம்பிய நிலையில் விட்டுச் செல்லுங்கள். காலியாக விட்டுப்போனால், வண்டி நின்ற இடத்திலேயே கண்காணிப்புச் சுற்று உறிஞ்சும் சிறு மின்சாரமும் சேர்ந்து, ஒன்றிரண்டு மாதத்தில் செல்கள் மீளமுடியாத அளவுக்கு வற்றிவிடும். அதை உத்தரவாதமும் பொதுவாக ஏற்பதில்லை.

பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வீட்டிலேயே அளக்க முடியும். சாக்கெட்டுக்கும் சார்ஜருக்கும் நடுவில் செருகும் சிறிய மின் அளவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது 16 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். வண்டி புதிதாக இருக்கும்போதே, 20 சதவீதத்திலிருந்து நூறுவரை ஏற எத்தனை யூனிட் ஆயிற்று என்று பார்த்து எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே சார்ஜரில், ஏறக்குறைய அதே தட்பவெப்பத்தில், அதே அளவை மீண்டும் எடுங்கள். முதலாண்டு 2.70 யூனிட், இப்போது 2.48 என்றால் கொள்ளளவு 92 சதவீதம் மிஞ்சியிருக்கிறது. பழைய வண்டி வாங்குபவருக்குப் புதிதில் எடுத்த அளவு கிடைக்காது. அவர் சார்ஜரில் வீணாவதற்கு எட்டில் ஒரு பங்கைக் கழித்து, மீதியை 0.8-ஆல் வகுத்தால் இன்றைய கொள்ளளவு கிடைக்கும். அளவியில் 2.5 யூனிட் ஏறியிருந்தால், கழித்தபின் 2.19, வகுத்தால் 2.73, வண்டியின் தாளில் 3 என்று இருந்தால் பேட்டரி இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. விற்பவர் இதற்கு ஓர் இரவு அவகாசம் தர மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

டயரின் காற்றைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். குறைந்த காற்று நேராக பேட்டரியைத் தின்கிறது.

மழையும் வெள்ளமும்

மழையில் ஓட்டுவதால் கெடுதல் இல்லை. இப்போது வரும் பேட்டரிகள் ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் மூழ்கியும் நீர் புகாதிருக்க வேண்டும் என்ற சோதனையைக் கடந்தவை. ஆனால் சோதனைத் தொட்டியின் அரைமணியும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைத் தெருக்களில் நாள்கணக்கில் நின்ற சாக்கடை கலந்த நீரும் ஒன்றல்ல. வண்டி மூழ்கியிருந்தால் நீர் வடிந்ததும் சாவியைப் போட்டுப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். பக்கத்தில் வேறு வண்டியோ சுவரோ இல்லாத திறந்த இடத்துக்குத் தள்ளிச் சென்று நிறுத்தி, சேவை மையத்துக்குச் சொல்லுங்கள். நீர் புகுந்த பேட்டரியில் கோளாறு உடனே தெரியாமல், சில நாள் கழித்தும் வெளிப்படலாம். அதுவரை அது வீட்டுக்குள் இருக்கக்கூடாது. மழைக்காலத்தில் சார்ஜ் முனையின் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, செருகும் முன் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

பேட்டரி ஓய்ந்த பிறகு

ஏழு, எட்டு ஆண்டு கழித்துக் கொள்ளளவு எழுபது சதவீதத்துக்குக் கீழே வந்தால், அதைப் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போடும் எண்ணம் வரக்கூடும். அங்கே சுத்தியலும் உளியும் கொண்டு உடைக்கப்படும்போது தீப்பிடிக்கும், நச்சுப்புகையும் வரும். அந்தப் புகையை மூச்சில் இழுப்பவர் அங்கு வேலை செய்யும் தொழிலாளி. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தித் தீர்ந்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கோ புதுப்பிப்புக்கோ அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வண்டி வாங்கிய ரசீதையும் பேட்டரியின் வரிசை எண்ணையும் ஆர்சி புத்தகத்தோடு பத்திரமாக வையுங்கள். நிறுவனத்தின் சேவை மையத்திலோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ பேட்டரியை ஒப்படைக்கும் நாளில், அந்த எண்ணைக் குறித்த ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.